டீப் பர்ப்பிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீப் பர்ப்பிள் எப்போது, எங்கே தொடங்கியது?

இந்த ஹார்ட் ராக் இசைக்குழு தொடங்கியது 1968ல், இங்கிலாந்தில். ஆரம்பத்தில் இந்த யோசனை குழுவினருடையதே அல்ல. த சர்ச்சர்ஸ் என்ற குழுவில் டிரம்ஸ் வாசித்த கிறிஸ் கர்டிஸ், 'ரவுண்டபவுட்' என்று ஒரு குழு தொடங்கலாம் என்றார். குழு ஒரு குடைராட்டினம் மாதிரி இருக்கும், வாசிப்பவர்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள் என்பது அவர் எண்ணம். ஆர்கன் வாசிக்கும் ஜான் லார்டும் கிதார் வாசிக்கும் ரிச்சி பிளாக்மோரும் வந்து சேர்ந்தார்கள். கர்டிஸ் கொஞ்ச நாளில் விலகிப் போய்விட்டார். ஆனால் அவர் சொன்ன ராட்டினம் மட்டும் நிற்கவே இல்லை. இந்தக் குழுவுக்குள் வந்து போனவர்களின் பட்டியலைப் பார்த்தால் தெரியும்.

டிரம்ஸுக்கு இயன் பைஸ், பாட ராட் எவன்ஸ், பேஸ் கிதாருக்கு நிக் சிம்பர். முதல் ஐவர் இவர்கள். ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஒரு பழைய வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு, அதே ஆண்டு ஏப்ரலில் டென்மார்க்கில் முதல் மேடை ஏறினார்கள்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை. பிளாக்மோரின் பாட்டிக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டின் பெயர் அது.

மார்க் 1, மார்க் 2 என்று ரசிகர்கள் பேசிக்கொள்வது எதைப் பற்றி?

ஆள் மாறும்போதெல்லாம் குழுவுக்கு ஒரு எண் போடுவது ரசிகர்களின் வழக்கம். மேலே சொன்ன ஐவர் மார்க் 1. 1969ல் இயன் கில்லன் பாடவும் ரோஜர் குளோவர் பேஸ் வாசிக்கவும் வந்தது மார்க் 2. டேவிட் கவர்டேலும் கிளென் ஹியூஸும் சேர்ந்தது மார்க் 3. பிளாக்மோர் போய் டாமி போலின் வந்தது மார்க் 4. 1976ல் குழு கலைந்தது, 1984ல் மார்க் 2 மறுபடி கூடியது. அதற்கு அப்புறமும் எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. ஏழுக்கு மேல் எனக்கே கணக்கு குழம்பும்.

எல்லா அணியிலும் இருந்தவர் ஒரே ஒருவர்தான்: டிரம்ஸ் வாசிக்கும் இயன் பைஸ்.

இந்த எண் வெறும் ரசிகப் பைத்தியம் அல்ல. 'டீப் பர்ப்பிள் கேட்டேன், பிடிக்கவில்லை' என்று யாராவது சொன்னால் எந்த மார்க் என்றுதான் முதலில் கேட்பேன். ஒரே பெயரில் குறைந்தது நான்கு வேறு வேறு குழுக்கள் இருக்கின்றன.

முதல் மூன்று ஆல்பங்களைக் கேட்டே ஆக வேண்டுமா?

அவசியம் இல்லை. முதல் ஆல்பத்தில் உள்ள 'ஹஷ்', ஜோ சவுத் எழுதிய பாட்டு. அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. அதே சமயம் சொந்த ஊரான இங்கிலாந்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஆல்பம் இரண்டு மூன்று நாளில் பதிவானது. மற்றவர்களின் பாட்டுகள், நீளமான ஆர்கன் முன்னோட்டங்கள், கொஞ்சம் மேற்கத்திய செவ்வியல் என்று எல்லாம் கலந்து கிடக்கும். ராட் எவன்ஸின் குரல் இதமானது. ஆனால் பிளாக்மோரும் லார்டும் போக விரும்பிய வேகத்துக்கு அந்தக் குரல் ஈடு கொடுக்காது. 1969ல் எவன்ஸையும் சிம்பரையும் அனுப்பிவிட்டு, எபிசோட் சிக்ஸ் என்ற குழுவிலிருந்து கில்லனையும் குளோவரையும் கூட்டி வந்தார்கள்.

ஹார்ட் ராக் குழு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்ததாமே?

ஆமாம். 1969 செப்டம்பர் 24, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவுடன், மால்கம் ஆர்னால்ட் நடத்த, ஜான் லார்ட் எழுதிய 'கான்செர்ட்டோ ஃபார் குரூப் அண்ட் ஆர்க்கெஸ்ட்ரா'. பத்திரிகைகள் எழுதின, பெயர் கிடைத்தது. ஆனால் குழுவின் அடையாளம் என்ன என்று எல்லோருக்கும் குழப்பம். பிளாக்மோருக்கு அதில் எரிச்சல். அடுத்த ஆல்பம் முழுக்க ராக்தான், எடுபடாவிட்டால் வேண்டுமானால் ஆர்க்கெஸ்ட்ரா பக்கம் போகலாம் என்றார். எடுபட்டது.

இதில் ஒரு கிளைக் கதை உண்டு. அந்தக் கான்செர்ட்டோவின் இசைக் குறிப்புத் தாள்கள் 1970ல் தொலைந்தே போயின. நெதர்லாந்து இசையமைப்பாளர் மார்கோ டி கூய், பழைய ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு வாத்தியமாகத் திரும்ப எழுதினார். லார்ட் அதைச் சரிபார்த்து முடித்துக் கொடுக்க, 1999ல் அதே ஆல்பர்ட் ஹாலில் மறுபடி அரங்கேறியது. எனக்கு அந்த இசையைவிட இந்த உழைப்பு பிடிக்கும்.

அப்படியானால் உண்மையான தொடக்கம் எது?

1970ல் வந்த 'இன் ராக்'. அமெரிக்க அதிபர்களின் முகம் செதுக்கிய ரஷ்மோர் மலையில் இந்த ஐவரின் முகங்களை ஒட்டிய அட்டைப்படம். 'ஸ்பீட் கிங்' தொடங்குவதற்கு முன் வரும் இரைச்சலைக் கேட்டு இசைத்தட்டு கெட்டுவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 4ஆம் இடம் வரை போனது. அதே சமயத்தில் ஆல்பத்தில் சேராமல் தனி இசைத்தட்டாக வந்த 'பிளாக் நைட்' 2ஆம் இடம் பிடித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஆர்கன். ஹேமண்ட் என்ற மின்சார ஆர்கனை வழக்கமாக லெஸ்லி என்ற சுழலும் ஒலிபெருக்கி வழியாகத்தான் வாசிப்பார்கள்; ஒலி அலை அலையாக, மென்மையாக வரும். லார்ட் அதை விட்டுவிட்டு, கிதார்காரர்கள் வைத்துக்கொள்ளும் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் ஆர்கனை இணைத்தார். விளைவு ஒரு உறுமல். பல இடங்களில் கிதாரா ஆர்கனா என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம். மற்ற ஹார்ட் ராக் குழுக்களிலிருந்து டீப் பர்ப்பிளை உடனே அடையாளம் காட்டுவது இந்த ஒலிதான்.

'இன் ராக்'கில் வரும் 'சைல்ட் இன் டைம்' காப்பியடித்த பாட்டா?

தொடக்க மெட்டு அவர்களுடையது இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோ குழுவான இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே வாசித்த 'பாம்பே காலிங்' என்ற வாத்திய இசையிலிருந்து எடுத்தது. அதில் வயலின் வேகமாக வாசிக்கும். லார்ட் ஆர்கனில் அதை நிதானமாக வாசிக்க ஆரம்பிக்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். இதைக் கில்லனே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பத்து நிமிடப் பாட்டில் மெட்டு கடன். மேல்ஸ்தாயிக்குப் படிப்படியாக ஏறி, கடைசியில் வார்த்தையே இல்லாமல் அலறலாக மாறும் அந்தக் குரல் கில்லனின் சொந்தச் சரக்கு. அதே 1970ல் வந்த 'ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்' ஆல்பத்தில் இயேசுவாகப் பாடியதும் இவர்தான்.

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டில் வரும் தீ விபத்து உண்மையா?

ஒவ்வொரு வரியும் உண்மை. அந்தப் பாட்டு ஒரு செய்தி அறிக்கை மாதிரி.

1971 டிசம்பரில் புது ஆல்பம் பதிவு செய்ய சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகருக்குப் போனார்கள். வழக்கமான ஸ்டுடியோவில் வாசித்தால் மேடையில் வரும் சூடு வருவதில்லை என்று அவர்களுக்கு ஒரு குறை. அதனால் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான, ஒலிப்பதிவுக் கருவிகள் பொருத்திய லாரியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஜெனீவா ஏரிக்கரையில் இருந்த கேசினோவின் அரங்கில் பதிவு செய்வதாகத் திட்டம். கேசினோ குளிர்காலத்துக்கு மூடும் முன் ஒரே ஒரு நிகழ்ச்சி பாக்கி: டிசம்பர் 4ல் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவின் கச்சேரி.

அந்தக் கச்சேரியின் நடுவே கூட்டத்தில் யாரோ தீப்பொறித் துப்பாக்கியைக் கூரையைப் பார்த்துச் சுட்டார். கட்டடம் முழுக்க எரிந்தது. ஜாப்பா குழுவின் கருவிகள் எல்லாம் போயின. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. மோந்த்ரோ ஜாஸ் விழாவை நடத்திவந்த கிளோட் நோப்ஸ், உள்ளே ஓடிப்போய் இளைஞர்களை வெளியே இழுத்து வந்தார். பாட்டில் அவர் பெயரும் வருகிறது. ஏரியின் மேல் புகை படர்ந்து கிடந்ததை டீப் பர்ப்பிள் ஐவரும் ஹோட்டல் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது ரோஜர் குளோவரின் வாயில் அந்தத் தலைப்பு இருந்தது. போதைப்பொருள் பாட்டு என்று நினைத்துவிடுவார்களோ என்று முதலில் தயங்கினார்களாம்.

இப்போது இடம் இல்லை. நோப்ஸ் 'பவிலியன்' என்ற ஒரு பழைய அரங்கைப் பிடித்துக் கொடுத்தார். இரவில் அங்கே வாசிக்க ஆரம்பித்தார்கள். சுற்றியிருந்தவர்கள் தூக்கம் கெட்டுப் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். போலீஸ் கதவைத் தட்ட, குழுவின் உதவியாளர்கள் உள்ளிருந்து கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஒரு பாட்டின் வாத்தியப் பகுதி மட்டும் பதிவாகி முடிந்தது. அப்போது அதற்குத் தலைப்பும் இல்லை, வரிகளும் இல்லை. அதுதான் பின்னாளில் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'.

கடைசியில் குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டல் கிடைத்தது. ஒரு மாடியின் நடைபாதையில் மெத்தைகளைச் சாத்தி வைத்து, டிரம்ஸை ஒரு பக்கம், ஆம்ப்ளிஃபையர்களை இன்னொரு பக்கம் வைத்து வாசித்தார்கள். லாரி கீழே வெளியில். வாசித்ததைக் கேட்க வேண்டுமென்றால் அறைகள், பால்கனிகள் எல்லாம் கடந்து, கடும் குளிரில் இறங்கிப் போக வேண்டும். சில தடவைக்குப் பிறகு போவதை நிறுத்திவிட்டார்கள். நன்றாக வந்தது என்று தோன்றினால் அடுத்த பாட்டு! டிசம்பர் 21க்குள் 'மெஷின் ஹெட்' முடிந்துவிட்டது.

என்னைக் கேட்டால் அந்த ஆல்பத்தின் ரகசியமே இந்தத் தொல்லைதான். திரும்பக் கேட்டுத் திருத்த வழி இல்லாமல் போனதால்தான் ஐவரும் மேடையில் வாசிப்பது போல ஒரே மூச்சில் வாசித்திருக்கிறார்கள்.

அந்தப் பாட்டின் ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிதார் மெட்டை) நான் வாசித்தால் ஏன் ஒரிஜினல் மாதிரி இல்லை?

கிதார் கற்றுக்கொள்ளும் எல்லோரும் முதல் வாரமே வாசித்துப் பார்ப்பது இது. முக்கால்வாசிப் பேர் தப்பாகத்தான் வாசிக்கிறார்கள். ஒற்றைத் தந்தியில் வாசிப்பார்கள், இல்லையென்றால் பவர் கார்ட் என்ற கனமான கூட்டு ஸ்வரம் போட்டு, பிக் என்ற சிறு தகட்டால் கீழ்நோக்கி அடிப்பார்கள். பிளாக்மோர் வாசிப்பது இரண்டு இரண்டு ஸ்வரமாக, நான்காம் இடைவெளியில் (ச-ம போல). அந்த இரண்டு தந்திகளையும் விரலால் ஒரே நேரத்தில் சுண்டி இழுக்கிறார். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகத் தொடங்கும். அப்புறம், பதிவில் கேட்பது கிதார் மட்டும் இல்லை. தொடக்கம் போனதும் லார்டின் ஆர்கன் அதே ரிஃபைக் கூடவே வாசிக்கிறது. தனி ஆளாக அந்தக் கனம் வராததற்கு உங்கள் கிதாரைக் குறை சொல்லாதீர்கள்.

'மெஷின் ஹெட்' என்றால் அந்த ஒரு பாட்டுதானா?

இல்லவே இல்லை. குழுவே அதை ஹிட் என்று நினைக்கவில்லை. தனியாக முதலில் வெளியிட்டது 'நெவர் பிஃபோர்' என்ற பாட்டை. இன்று அது யாருக்கும் ஞாபகம் இல்லை. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' 1973ல்தான் அமெரிக்காவில் தனியாக வந்து 4ஆம் இடம் பிடித்தது.

ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஹைவே ஸ்டார்' ஒரு பேருந்தில் பிறந்தது. கச்சேரிக்குப் போகும் வழியில் ஒரு நிருபர் 'பாட்டு எப்படி எழுதுவீர்கள்' என்று கேட்க, பிளாக்மோர் கிதாரை எடுத்து 'இப்படித்தான்' என்று தட்ட ஆரம்பித்தார். கில்லன் வாய்க்கு வந்ததைப் பாடினார். அன்றிரவே மேடையில் வாசித்துவிட்டார்கள். அதன் கிதார் தனி ஆவர்த்தனம் மட்டும் முன்கூட்டியே யோசித்து அமைத்தது, செவ்வியல் இசையமைப்பாளர் பாக் பாணிக் கோர்வைகள். 'லேஸி'யில் ஆர்கனும் கிதாரும் மாறி மாறிப் பேசிக்கொள்வதையும் விடாதீர்கள்.

'மேட் இன் ஜப்பான்' பற்றி ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

அந்தப் புகழ் தகும். 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகா. 17 டோக்கியோ புடோகான். மூன்று இரவுகளிலிருந்து பொறுக்கிய ஏழு பாட்டுகள், இரட்டை இசைத்தட்டு. பின்னால் ஸ்டுடியோவில் ஒட்டு வேலை எதுவும் செய்யவில்லை.

இதை வெளியிட குழுவுக்கு விருப்பமே இல்லை. ஜப்பானிய நிறுவனம் நச்சரித்ததால் ஒத்துக்கொண்டார்கள், அதுவும் தங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச்தான் பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. 'இன் ராக்'கிலிருந்தே இவர்களோடு இருந்தவர் பர்ச். பின்னாளில் அயர்ன் மெய்டன் குழுவின் ஆல்பங்களைத் தயாரித்ததும் அவர்தான்.

ஸ்டுடியோவில் நாலரை நிமிடம் ஓடும் 'ஸ்பேஸ் டிரக்கின்' இங்கே கிட்டத்தட்ட 20 நிமிடம். 'ஸ்டிரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாட்டில் பிளாக்மோரின் கிதார் கேட்க, கில்லனின் குரல் பதில் சொல்கிறது. இருவருக்கும் ஆகாது என்ற விஷயம் தெரிந்துகொண்டு கேட்டால் இன்னும் சுவை. ஓரிடத்தில் கில்லன் ஒலி அமைப்பாளரிடம், எல்லாவற்றையும் மற்ற எல்லாவற்றையும் விடச் சத்தமாக வைக்க முடியுமா என்று கேட்பார். அதையும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

உலகிலேயே அதிகச் சத்தமான குழு என்று கின்னஸில் வந்ததா?

வந்தது. 1972ல் லண்டன் ரெயின்போ தியேட்டரில் 117 டெசிபல். மூன்று பேர் மயங்கி விழுந்ததாகவும் பதிவு. அப்புறம் மற்ற குழுக்கள் முறியடித்துவிட்டன.

இவ்வளவு நன்றாகப் போகும்போது கில்லன் ஏன் விலகினார்?

களைப்பு, அப்புறம் பிளாக்மோர். ஓய்வே இல்லாத சுற்றுப்பயணம். 1972 டிசம்பரில் கில்லன் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார், ஆனால் 1973 ஜூன் வரை பாடிக் கொடுத்தார். இடையில் வந்த 'ஹூ டூ வீ திங்க் வீ ஆர்' ஆல்பத்தைக் கேட்டாலே ஆட்கள் சேர்ந்து உட்காரவில்லை என்பது தெரியும். 'வுமன் ஃபிரம் டோக்கியோ' நல்ல பாட்டு, மற்றவை கடமைக்கு. இதே லாரி, இதே ஒலிப்பதிவாளர். மோந்த்ரோவில் இருந்த ஒன்று மட்டும் இல்லை. 1973 ஜூன் 29ல் ஒசாகாவில் கடைசிக் கச்சேரி. குளோவரும் வெளியேறினார்.

கவர்டேல் காலம் எப்படி?

பத்திரிகை விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தவர் டேவிட் கவர்டேல். ரெட்கார் என்ற ஊரில் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பேஸ் வாசிக்க டிரபீஸ் குழுவிலிருந்து கிளென் ஹியூஸ். அவரும் அபாரமாகப் பாடுவார். ஒரு பாடகர் போய் இரண்டு பாடகர்கள். மறுபடி மோந்த்ரோ, மறுபடி அதே லாரி: 1974ல் 'பர்ன்'. தலைப்புப் பாட்டில் இயன் பைஸின் டிரம்ஸைக் கேளுங்கள், பாட்டு முழுக்க மனிதர் நிறுத்தாமல் தனி வாசிப்பு வாசிக்கிறார். 'மிஸ்ட்ரீட்டட்' கவர்டேலின் உச்சம்.

அதே ஆண்டு ஏப்ரலில் கலிஃபோர்னியா ஜாம் விழா. இருட்டும் முன் மேடை ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த பிளாக்மோர், கடைசியில் டி.வி. கேமராவைக் கிதாரால் குத்தி, ஆம்ப்ளிஃபையரையும் வெடிக்க வைத்தார். படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

'ஸ்டார்ம்பிரிங்கர்' வந்தபோது ஹியூஸும் கவர்டேலும் ஃபங்க், சோல் என்ற அமெரிக்க இசை வகைகளின் பக்கம் சாய்ந்தார்கள். பிளாக்மோருக்கு அது பிடிக்கவில்லை. 1975ல் விலகி, பாடகர் ரானி ஜேம்ஸ் டியோவுடன் ரெயின்போ குழுவைத் தொடங்கினார்.

டாமி போலின் யார்?

பிளாக்மோர் இடத்தில் வந்த அமெரிக்க இளைஞர். டிரம்ஸ் வாசிக்கும் பில்லி கோபமின் 'ஸ்பெக்ட்ரம்' என்ற ஜாஸ் ஆல்பத்தில் அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் கூப்பிட்டார்கள். 'கம் டேஸ்ட் த பேண்ட்' ஒன்றுதான் அவரோடு வந்த ஸ்டுடியோ ஆல்பம். பலர் ஒதுக்குகிறார்கள், எனக்குப் பிடிக்கும், டீப் பர்ப்பிள் என்ற பெயரை மறந்துவிட்டுக் கேட்டால். மேடையில் நிலைமை மோசம். போலினுக்குப் போதைப் பழக்கம். 1976 மார்ச்சில் லிவர்பூல் கச்சேரியோடு குழு கலைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 4ல் போலின் மயாமியில் இறந்தார். வயது 25.

போலி டீப் பர்ப்பிள் ஒன்று இருந்ததா?

1980ல். பழைய பாடகர் ராட் எவன்ஸை முன்னால் நிறுத்தி, மற்றபடி சம்பந்தமே இல்லாத ஆட்களை வைத்து அமெரிக்காவில் இந்தப் பெயரில் கச்சேரி நடத்தினார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள், வழக்கு நடந்தது, 6,72,000 டாலர் நஷ்டஈடு தீர்ப்பானது. எவன்ஸ் அதன் பிறகு பொதுவெளியில் தலைகாட்டவில்லை.

1984ல் சேர்ந்தது காசுக்காகவா?

காசும் இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் காசுக்காக மட்டும் வாசித்தால் 'பெர்ஃபெக்ட் ஸ்டிரேஞ்சர்ஸ்' வராது. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பதிவானது. தலைப்புப் பாட்டின் ஆர்கன் தொடக்கம் ஒன்று போதும். 1987ல் வந்த அடுத்த ஆல்பத்திலேயே பழைய சண்டை திரும்பிவிட்டது. கில்லனை அனுப்பிவிட்டு, ரெயின்போவில் பாடிய ஜோ லின் டர்னரை வைத்து ஓர் ஆல்பம். அப்புறம் கில்லனைத் திரும்பக் கூட்டி இன்னோர் ஆல்பம். 1993 நவம்பரில், சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே, பிளாக்மோர் விலகினார். இந்த முறை நிரந்தரமாக. பாக்கி இருந்த ஜப்பான் கச்சேரிகளுக்கு கிதார் கலைஞர் ஜோ சாட்ரியானி வந்து கைகொடுத்தார்.

பிளாக்மோர் இல்லாத டீப் பர்ப்பிள் கேட்கத் தகுந்ததா?

1994ல் கிதாருக்கு வந்த ஸ்டீவ் மோர்ஸ் 2022 வரை இருந்தார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பிளாக்மோரைவிட அதிக ஆண்டுகள். மனைவியின் உடல்நிலை காரணமாக அவர் விலக, சைமன் மக்பிரைட் வந்தார். 2002ல் ஜான் லார்ட் ஓய்வு பெற, முன்பு ரெயின்போவில் இருந்த டான் ஏரி ஆர்கனுக்கு வந்தார். லார்ட் 2012ல் காலமானார்.

இந்தக் காலத்தில் இரண்டைச் சொல்வேன். 1996ல் வந்த 'பர்பெண்டிகுலர்', பாரம் இறங்கியவர்கள் வாசிப்பது போல இருக்கும். 2013ல் வந்த 'நவ் வாட்', லார்டின் நினைவுக்குச் சமர்ப்பித்தது. ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது. 2024ல் வந்ததோடு ஸ்டுடியோ ஆல்பங்கள் 23. எல்லாவற்றையும் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்ததா?

2016ல், மிகத் தாமதமாக. எட்டுப் பேரைச் சேர்த்தார்கள். பிளாக்மோர் விழாவுக்கு வரவில்லை. நிக் சிம்பரும் போலினும் பட்டியலிலேயே இல்லை. சிம்பரை விட்டது எனக்கு நியாயமாகப் படவில்லை, எவன்ஸைச் சேர்த்த பிறகு.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எந்தப் பதிப்பு?

'மேட் இன் ஜப்பான்' முதலில். பிறகு 'இன் ராக்', 'மெஷின் ஹெட்', 'பர்ன்'. இவை பிடித்தால் 'பெர்ஃபெக்ட் ஸ்டிரேஞ்சர்ஸ்'. 1971ல் வந்த 'ஃபயர்பால்' இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த ஆல்பம்தான், ஆனால் பயணங்களுக்கு நடுவே துண்டு துண்டாகப் பதிவானது; அது கடைசியில் இருக்கட்டும்.

'மெஷின் ஹெட்'டுக்கு முக்கியமான கலவைகள் (வாத்தியங்களின் ஒலியைச் சமன்செய்து சேர்த்த பதிப்புகள்) மூன்று: 1972 ஒரிஜினல், 1997ல் குளோவர் செய்தது, 2024ல் டுவீசில் ஜாப்பா செய்தது. ஆமாம், கேசினோ எரிந்த அன்று மேடையில் இருந்த ஃபிராங்க் ஜாப்பாவின் மகன். குளோவரின் பதிப்பில் ஒரிஜினலில் விட்டுப்போன கிதார் பகுதிகள் கேட்கும், ஆல்பத்தில் இடம் கிடைக்காத 'வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்' பாட்டும் இருக்கிறது. முதல் தடவை 1972 கலவையையே போடுங்கள்; அந்த ஹோட்டல் நடைபாதை அதில்தான் இருக்கிறது.